தோட்டத்துல ஃபிரேம் பூல்: மண்ணு மேலயா, கல்லு மேலயா, காங்கிரீட் மேலயா, இருக்கிற முற்றத்துலயா?

பங்குனி பாதி தாண்டினாலே காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் இதே கேள்விதான் வருது. லீவுக்கு பேரப்பிள்ளைங்க வர்றாங்க, இரும்பு ஃபிரேம் வச்ச பூல் ஒன்னு ஆன்லைன்ல வாங்கியாச்சு, பெட்டி வந்து முகப்புல கெடக்கு, இப்போ இதை எதுமேல நிறுத்துறதுன்னு தெரியல, கொத்தனார் காங்கிரீட் போடுங்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் மணல் கொட்டினா போதுங்கிறார், வீட்டுல ஆச்சி நடு முற்றத்துலயே வச்சா என்னப்பாங்கிறாங்க. நான் இந்தப் பக்கம் கட்டட வேலை பாக்குறவன், அதனால எனக்குத் தெரிஞ்சதை ஒவ்வொன்னா வச்சு சொல்றேன். பூல் எந்த பிராண்டுங்கிறதை விட அடித்தளம் எதுங்கிறதுதான் பெரிய முடிவு, ஆனா எல்லாரும் பிராண்டுக்கு ஒரு வாரம் யோசிச்சிட்டு தளத்துக்கு அரை மணி நேரம்தான் யோசிக்கிறாங்க.

எதை வச்சு முடிவு பண்றது

முதல்ல பாரத்தை புரிஞ்சுக்கணும். 12 அடி விட்டம், 30 இன்ச் உயரம் உள்ள வட்ட பூல்தான் நம்ம வீடுகளுக்கு அதிகம் வாங்குறாங்க. அது நிரம்பினா ஏறக்குறைய 6,500 லிட்டர், அதாவது ஆறரை டன். சதுர மீட்டருக்கு கணக்கு போட்டா 620 கிலோ சொச்சம். கேக்க பயமா இருக்கும், ஆனா கெட்டியான மண்ணுக்கு இது ஒரு பாரமே இல்ல, ஒரு சாதாரண வீட்டு அஸ்திவாரம் மண்ணுக்கு கொடுக்கிற அழுத்தம் இதை விட பல மடங்கு. தண்ணியோட எடை முக்காவாசி லைனர் (தண்ணி நிக்கிற பிளாஸ்டிக் உறை) வழியா நேரா தரைக்குத்தான் போகுது, காலுக்கு வர்றது ஃபிரேமோட பாரமும் பக்கச்சுவரை தண்ணி வெளிய தள்ளுற தள்ளும்தான். அப்போ எது கெடுக்குது? ஒரு பக்கம் மட்டும் அமுங்கறது. கால் நுனி சின்னது, அதனால இளகின மண்ணுல அது மட்டும் இறங்கும், இறங்கினா ஃபிரேம் கோணும்.

அதனால முதல் அளவுகோல் மட்டம். தண்ணி எப்பவும் மட்டமாத்தான் நிக்கும், தளம் சாஞ்சிருந்தா ஆழம் ஒரு பக்கம் கூடும், சுவர்ல தள்ளு ஆழத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 12 அடி பூல்ல இந்த கரைக்கும் அந்த கரைக்கும் வெறும் 2 இன்ச் வித்தியாசம் இருந்தா போதும், தாழ்ந்த பக்கத்துச் சுவருக்கு மேட்டுப்பக்கத்தை விட ஆறுல ஒரு பங்கு கூடுதலா தள்ளு வரும். அந்தப் பக்கத்து கால் மெதுவா வெளிய நகரும், நகர்ந்தா இன்னும் சாயும். அரை இன்ச்சுக்குள்ள கொண்டு வரப் பாருங்க, ஒரு இன்ச்ச தாண்ட விடாதீங்க.

ரெண்டாவது, மழை வந்தா தளம் அரிக்குமா. மூணாவது, லைனர் அடிப்பக்கத்தை எதாவது குத்துமா. நாலாவது, பூலை எடுத்துட்டா இடம் பழையபடி ஆகுமா, இது பழைய வீட்டுக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். கடைசியா செலவு, அதுல தண்ணியையும் சேத்துக்கணும், ஏன்னா பூல் சாஞ்சிருக்குன்னு நிரப்பின பிறகு தெரிஞ்சா ஆறாயிரம் லிட்டர் தண்ணியையும் வெளிய விட்டுட்டுத்தான் சரி பண்ண முடியும். நம்ம ஊர்ல சித்திரை வைகாசியில ஒரு டேங்கர் தண்ணிக்கு என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும், ஊருணியும் கண்மாயும் வத்திக் கெடக்கிற நேரம் அது.

எந்த தளமா இருந்தாலும் இடத்தை தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பெரிய வீட்டு தோட்டத்துல பழைய கிணறு தூர்த்திருப்பாங்க, சுண்ணாம்பு ஊற வச்ச குழி மூடியிருப்பாங்க, மேல பாத்தா புல்லு முளைச்சு ஒன்னும் தெரியாது. வீட்டுல வயசானவங்க, ஐயாவோ அப்பத்தாவோ இருந்தா நிக்க வச்சு கேளுங்க, எங்க என்ன இருந்துச்சுன்னு. தூர்த்த இடம் எத்தனை வருஷம் ஆனாலும் தண்ணி பட்டா இறங்கும். செப்டிக் டேங்க் மூடி மேல கண்டிப்பா கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டியும் வேணாம், ஒருவேளை பூல் சுவர் கிழிஞ்சா ஆறரை டன் தண்ணியும் ஒரே மூச்சுல சுண்ணாம்புச் சாந்து கட்டடத்தோட அடியில போய்த்தான் முட்டும்.

வெறும் மண்ணு, மேல மணல்

செலவு ரொம்ப கம்மி. புல்லை செதுக்கி, மட்டம் பண்ணி, திமிசு போட்டு, மேல ஒரு இன்ச் ரெண்டு இன்ச் மணல் பரப்பி, தார்ப்பாய் விரிச்சு பூலை வைக்கிறது. நம்ம பக்கத்து செம்மண்ணு, அதுலயும் செம்புராங்கல் கலந்த கிராவல் மண்ணு, தண்ணி தெளிச்சு இடிச்சா நல்லா இறுகும், அந்த வகையில நாம கொடுத்து வச்சவங்க. கண்மாய் ஓரம், வயக்காட்டு பக்கம் களிமண்ணா இருந்தா இதை மறந்துடுங்க, ஈரம் பட்டா உப்பும், காய்ஞ்சா வெடிக்கும்.

இதுல எல்லாரும் பண்றது என்னன்னா தாழ்வான பக்கத்துல மண்ணைக் கொட்டி மேட்டுக்கு சமமா தூக்குறது. அது தப்பு. கொட்டின மண்ணு எப்படி இடிச்சாலும் கீழ இருக்கிற பழைய மண்ணு மாதிரி இறுகாது, தண்ணி நிரம்பினதும் அந்தப் பக்கம் மட்டும் இறங்கும். மேட்டை வெட்டி பள்ளத்துக்கு சமமா கொண்டு வாங்க, வேலை கூடத்தான், ஆனா மண்வெட்டி வேலை ஒரு நாளோட முடியும்.

மறைஞ்சிருக்கிற செலவு எங்கன்னா மணல்லதான். ஆத்து மணல் விலையும் அதிகம், கெடைக்கிறதும் கஷ்டம், அதுவும் உருண்டை மணி, கால் வச்சா நழுவும், ஓரத்துல ஒரு கோடை மழை பெஞ்சா அரிச்சிட்டு போகும். எறும்பு புத்து வச்சு உள்ள குடையும். அப்புறம் கோரை. கோரைப்புல்லை மேலாக்க செதுக்கிட்டு மணல் போட்டா கிழங்கு உள்ளயே இருக்கும், அந்த முளை ஊசி மாதிரி தார்ப்பாயையும் குத்தும், லைனரையும் குத்தும், அருகம்புல்லும் விடாது. கிழங்கோட தோண்டி எடுக்கணும். சீமைக்கருவேல முள்ளு, நெருஞ்சி முள்ளு ரெண்டும் இல்லாத தோட்டம் சிவகங்கை மாவட்டத்துல கெடையாது, அதனால மணல் போடுறதுக்கு முன்னாடி வெறும் காலோட வேணாம், விளக்குமாறால ரெண்டு தடவை கூட்டி, கையால தடவிப் பாருங்க.

இது யாருக்கு சரி? 8 அடி, 10 அடி பூல், தண்ணி உயரம் ரெண்டு அடிக்குள்ள, ஒரு லீவுக்கு மட்டும், மழைக்கு முன்னாடி மடிச்சு உள்ள வச்சிடுவோம்ங்கிறவங்களுக்கு.

கால் காலுக்கு கல்லு, நடுவுல கிரஷர் டஸ்ட்

என்னைக் கேட்டா பத்துல ஏழு வீட்டுக்கு இதுதான். மண்ணை மேல சொன்ன மாதிரி வெட்டி மட்டம் பண்ணி இடிச்ச பிறகு, மணலுக்கு பதிலா கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கிற இடத்துல வர்ற கல்லுப்பொடி) ரெண்டு இன்ச் போடுறது, ஒவ்வொரு கால் வர்ற இடத்துலயும் ஒரு அடி சதுரம், ஒன்றரை இன்ச் கனத்துல ஒரு கடப்பா கல் துண்டோ சிமெண்ட் ஸ்லாப்போ தரையோட தரையா பதிக்கிறது. டஸ்ட்ல பொடியும் சின்ன முனை முனையான துகளும் கலந்து இருக்கிறதால ஈரமாக்கி இடிச்சா ஒன்னோட ஒன்னு கவ்விக்கும், மணல் மாதிரி ஓடாது. 14 அடி சதுரத்துக்கு ரெண்டு இன்ச்னா 33 கன அடி, இடிச்சா குறையும்னு வச்சு 40 கன அடி வாங்கினா போதும், அரை யூனிட் கூட இல்ல (ஒரு யூனிட்னா 100 கன அடி). பூலை விட சுத்தி ஒரு அடி அதிகமா தளம் இருக்கணும், ஓரம்தான் முதல்ல சரியும்.

கல்லு பதிக்கிறதுலதான் நுணுக்கம் எல்லாம். கல்லோட அடிப்பக்கம் முழுசா டஸ்ட்ல உக்காந்திருக்கணும். கட்டை வச்சு தட்டிப் பாருங்க, ‘டொக்கு’ன்னு வெத்து சத்தம் வந்தா கீழ காத்து இருக்கு, கடப்பா கல் அங்கதான் உடையும். எல்லா கல்லும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாக்க டியூப் லெவல்தான் நம்பிக்கையானது. ரெண்டு அடி ரசமட்டத்தை 12 அடிக்கு நகட்டி நகட்டி பாத்தா தப்பு சேர்ந்துகிட்டே போகும். ஒளி ஊடுருவுற டியூப்புல தண்ணி ஊத்தி, உள்ள காத்துக் குமிழி இல்லாம பாத்துக்கிட்டு, நடுவுல ஒரு முளைக்குச்சி அடிச்சு அதையே அடையாளமா வச்சு ஒவ்வொரு கல்லையும் பாருங்க. கல்லு தரையை விட மேல துருத்திக்கிட்டும் இருக்கக்கூடாது, அந்த ஓரம் லைனரை வெட்டிடும்.

கல்லை எங்க பதிக்கிறதுன்னு தெரியணுமே, அதுக்கு ஃபிரேமை ஒரு தடவை தண்ணி இல்லாம கோத்து, வட்டமா நிறுத்தி, கால் நிக்கிற இடத்தை சுண்ணாம்புப் பொடியால குறிச்சிக்கிட்டு, நாலு பேர் தூக்கி ஓரமா வச்சிட்டு பதிக்கணும். தரையில இழுத்துட்டு போகாதீங்க, தூக்குங்க.

கெட்டது என்னன்னா டஸ்ட்ல கால் இன்ச் சிப்ஸ் கலந்து வரும், அது லைனரை குத்தும். சலிச்சுப் போடணும், இல்லன்னா மேலாக்க அரை இன்ச் மட்டும் சலிச்ச எம் சாண்ட் போடுங்க. அதுக்கு மேல விரிப்பு. கல்யாண வீட்டு ஃபிளெக்ஸ் பேனர் பழசு எல்லார் வீட்டுலயும் இருக்கும், ரெட்டையா மடிச்சு விரிச்சா தார்ப்பாயை விட நல்லா இருக்கும், ஆனா ஓரத்துல இருக்கிற இரும்பு வளையத்தை எல்லாம் வெட்டிட்டு போடணும். நேரச் செலவும் உண்டு: தண்ணி தெளிச்சு இடிச்சு ரெண்டு மூணு நாள் ஆற விட்டு மறுபடி மட்டம் பாக்கணும், பிள்ளைங்க வந்து இறங்குற அன்னைக்கு காலையில ஆரம்பிச்சா ஆகாது.

பூலை எடுத்துட்டா கல்லை பெயர்த்து வச்சுக்கலாம், டஸ்ட்டை நடைபாதைக்கு போட்டுக்கலாம். தோட்டம் தோட்டமாவே இருக்கும்.

காங்கிரீட் தளம்

மட்டமும் உறுதியும் இதுல இருக்கிற மாதிரி எதுலயும் இல்ல, ஒத்துக்கிறேன். 14க்கு 14 அடி, 4 இன்ச் கனம்னா 65 கன அடி காங்கிரீட், 1:2:4 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி) சிமெண்ட் ஏறக்குறைய 12 மூட்டை. அடியில ஜல்லி கெட்டிச்சு, ஆளு கூலி, தண்ணி எல்லாம் தனி. ஏழு நாளாவது பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், முழு பலம் வர 28 நாள் ஆகும், அதனால சித்திரைக்கு வேணும்னா மாசி கடைசியிலயே ஆரம்பிச்சிருக்கணும்.

இங்க ஒரு முக்கியமான சண்டை இருக்கு. நம்ம கொத்தனாருங்க கைக்கு வாட்டம் பழகிப்போச்சு. வெளிய எந்த தளம் போட்டாலும், சொல்லாமலே, தண்ணி ஓடணும்னு ஒரு பக்கம் வாட்டம் வச்சுத்தான் இழுப்பாங்க, மத்த எல்லாத்துக்கும் அதுதான் நல்ல வேலை, ஆனா பூலுக்கு அது விஷம். நூறுக்கு ஒன்னு வாட்டம் வச்சா 12 அடியில ஒன்றரை இன்ச் கிட்ட இறங்கிடும். பூல் உக்காருற வட்டத்துக்கு வாட்டமே கூடாது, அதுக்கு வெளிய ஓரத்துல மட்டும் வாட்டம் வைங்கன்னு ஆரம்பத்துலயே சொல்லி, நூல் கட்டும்போது கூட நின்னு பாருங்க. மேல்பூச்சு வழவழன்னு தேய்ச்சு முடிக்கணும், சொரசொரப்பா விட்டா லைனர் அடி தேயும், காய்ஞ்ச சிமெண்ட் துளி ஒன்னு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஓட்டை போட்டுடும்.

மறைஞ்ச செலவு பின்னாடி வரும். பிள்ளைங்க வளந்து பூல் வேணாம்னு ஆனா உடைக்கிற கூலி, இடிச்சதை அள்ளுற வண்டி வாடகை. பக்கத்துல தென்னையோ வேம்போ இருந்தா வேர் தூக்கும். இன்னொன்னு, வெயில்ல சூடு, நடு மதியம் பிள்ளைங்க வெறுங்காலோட அது மேல நடக்க முடியாது.

மூணு நாலு வருஷம் தொடர்ந்து அதே இடத்துல வைக்கிறவங்க, 15 அடிக்கு மேல 48 இன்ச் உயர பூல் வாங்குறவங்க (அது நிரம்பினா 16,000 லிட்டரை தாண்டும்), வீட்டை ஹோம்ஸ்டேயா நடத்துறவங்க, இவங்களுக்கு காங்கிரீட் சரி. பின்னாடி அதை வண்டி நிறுத்தவோ வத்தல் காயப்போடவோ வச்சுக்கலாம்னா இன்னும் நல்லது.

இருக்கிற முற்றமும் களமும்

ஆச்சிங்க எல்லாம் கேக்குறது இதைத்தான். ஏற்கனவே கல்லு பாவின தரை இருக்கே, நிழலும் இருக்கே, எதுக்கு தோட்டத்துல தோண்டணும்னு. பாக்க மட்டமாத்தான் தெரியும். ஆனா செட்டிநாட்டு வீட்டு முற்றம் கட்டினதே சுத்தி இருக்கிற ஓட்டுக் கூரை தண்ணியெல்லாம் அங்க விழுந்து சலதாரை வழியா வெளிய போகத்தான், அதனால தரை சலதாரையை பாத்து சாஞ்சேதான் இருக்கும். டியூப் லெவல் வச்சு பாருங்க, உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். அதோட பூலை வச்சு சலதாரையை மறைச்சிட்டா, ஒரு இடி மழைக்கு தண்ணி வளவுக்குள்ள ஏறி பட்டாலை வரைக்கும் போகும். சுத்தி மரத்தூணும் நிலைக்கதவும் இருக்கிற வீட்டுல அந்த ஆபத்தை எடுக்க வேணாம். பிள்ளைங்க ஈரக்காலோட ஓடி ஆத்தங்குடி கல்லு தரையில வழுக்கி விழுறது தனி கவலை. வீட்டு முற்றத்துக்கு என் பதில் வேணாம்ங்கிறதுதான்.

களம் வேற. வீட்டுக்குப் பின்னாடி நெல்லு, மிளகா காயப்போட்ட சிமெண்ட் களம் இருந்தா அது நல்ல வாய்ப்பு, வாட்டம் மட்டும் சரி பண்ணணும். தாழ்ந்த பக்கத்து காலுக்கு மட்டும் செங்கல் துண்டு முட்டு கொடுக்கிற வேலை வேணாம், நகர்ந்துடும். களத்து மேல கெட்டி பாலித்தீன் ஷீட் விரிச்சு, அது மேல 1:6 சிமெண்ட், மணல் கலவையில மட்டமா ஒரு பூச்சு போடுங்க, மெல்லிசான பக்கம் ஒரு இன்ச் இருக்கணும், தாழ்வான பக்கம் ரெண்டரை வரைக்கும் போகும். நடுவுல பாலித்தீன் இருக்கிறதால பழைய தரையோட ஒட்டாது, வேணாம்னா பெயர்த்து எடுத்துடலாம். புது காங்கிரீட்ல பாதி செலவு கூட ஆகாது.

மர மேடை, இரும்பு மேடை

காரைக்குடியில பழைய வீட்டு தேக்கு கெடைக்குது, அதுல மேடை பண்ணலாமான்னு கேக்குறாங்க. ஆறரை டன் தாங்கணும், உத்திரம் அடிக்கு ஒன்னு வேணும், கால் எல்லாம் உத்திரத்து மேலயே வரணும், மேல போடுற பிளைவுட்டை ஈரமும் கறையானும் ரெண்டு மழைக்குள்ள முடிச்சிடும். இரும்புல பண்ணினா துரு. செம்புராங்கல் பாறை மேல தெரியுற சரிவான இடம், தோண்டவே முடியாதுன்னா மட்டும் யோசிக்கலாம், அப்பவும் இன்ஜினியர் ஒருத்தர் கணக்கு போட்டுக் கொடுக்கணும்.

மொட்டை மாடி பத்தி ஒரே வரி: ஆளு நடமாடுற மாடிக்கு இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சொல்ற சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, பூல் கொடுக்கிறது அதுக்கு நாலு மடங்கு, கட்டைக்குத்து போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ்னா (மர உத்திரத்து மேல செங்கலை நிறுத்தி வச்சு சுண்ணாம்புல கட்டின தளம்) நினைச்சுக்கூட பாக்காதீங்க.

| தளம் | எப்போ நல்லது | பின்னாடி வர்ற செலவு |
|---|---|---|
| மண்ணு, மணல் | சின்ன பூல், ஒரே லீவு, செம்மண்ணு | அரிப்பு, கோரை, ஒரு தடவை தண்ணி வீண் |
| கல்லு, கிரஷர் டஸ்ட் | 10 முதல் 15 அடி, வருஷா வருஷம் எடுத்து வைக்கிறவங்க | சலிக்கிற கூலி, ரெண்டு மூணு நாள் காத்திருப்பு |
| காங்கிரீட் | பெரிய பூல், நிரந்தர இடம் | உடைக்கிற கூலி, ஒரு மாசம் முன்னேற்பாடு |
| பழைய களம் | வாட்டம் ரெண்டு இன்ச்சுக்குள்ள | மட்டப்பூச்சு |
| மேடை | பாறைச் சரிவு மட்டும் | கறையான், துரு, இன்ஜினியர் |

ஃபிரேம் கோக்கும்போது தளம் எங்க வித்தியாசம் காட்டும்

வட்ட பூல்னா மேல்வளைய பைப்பை லைனர் உறைக்குள்ள விட்டு, டி-ஜாயிண்ட்ல மாட்டி, கடைசியா கால். எல்லா ஜாயிண்ட்டும் மாட்டினதும் எதிரெதிர் காலுக்கு நடுவுல நாலு திசையில டேப் பிடிங்க, நாலும் ஒரே அளவு வரலைன்னா வட்டம் முட்டையாயிருக்கு, இழுத்து சரி பண்ணிட்டு அப்புறம்தான் தண்ணி. காங்கிரீட்ல கால் சுலபமா நகரும், டஸ்ட்ல கல்லு மேல நிக்கிறதால குறிச்ச இடத்துலயே நிக்கும்.

செவ்வக பூல்னா மூலைவிட்டம் பாக்கணும். 300க்கு 200 சென்டிமீட்டர் பூல்னா ரெண்டு மூலைவிட்டமும் 360 சென்டிமீட்டர் கிட்ட சமமா வரணும். பெரிய செவ்வக மாடல் சிலதுல எதிரெதிர் காலை பூலுக்கு அடியில ஒரு பட்டை இழுத்துப் பிடிக்கும், அந்த பட்டை முறுக்கு இல்லாம தட்டையா கெடக்கணும், மணல் தளத்துல அது புதைஞ்சு மேல லைனர்ல வரி விழும், இதனாலயே செவ்வகத்துக்கு மணல் வேணாம்னு சொல்றேன். அடியில தகர ரெயில் வளையம் வச்சு அது மேல சுவர் நிக்கிற மாடலா இருந்தா ரெயில் ஜாயிண்ட் ஒவ்வொன்னுக்கும் அடியில கல்லு கண்டிப்பா வேணும், அங்க கால் இன்ச் தப்பு கூட சுவரை ஏத்தும்போது காட்டிக் கொடுத்துடும்.

முதல்ல ஒரு இன்ச் தண்ணி மட்டும் விடுங்க. உள்ள இறங்கி சுருக்கத்தை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு காலால தள்ளி விட்டுட்டு, நாலு பக்கமும் ஸ்கேல் வச்சு ஆழம் பாருங்க. ஒரு பக்கம் அரை இன்ச், எதிர்ப்பக்கம் ஒன்றரைன்னா அங்கேயே நிறுத்திடுங்க, இந்த நேரத்துல வெளிய விட வேண்டியது முன்னூறு லிட்டருக்குள்ளதான், வாளியில மொண்டு தென்னைக்கு ஊத்திட்டு தளத்தை சரி பண்ணலாம். சரியா இருந்தா பாதி வரைக்கும் நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, காலையில ஒவ்வொரு காலும் நேரா நிக்குதான்னு பாத்துட்டு மீதியை நிரப்புங்க. பம்புக்கு கரண்ட் எடுக்கிற பிளக் பாயிண்ட்ல ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற பிரேக்கர்) இருக்கணும், பழைய வீட்டு வயரிங்ல பெரும்பாலும் இருக்காது, எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு போட்டுக்கோங்க. பெரியவங்க பக்கத்துல இல்லாத நேரம் ஏணியை எடுத்து வீட்டுக்குள்ள வச்சிடுங்க.